ஏற்றத்துக்கு யார் கூலி கொடுப்பது? இத்தாலியக் குன்றுகளில் மவுண்டன் பைக் ஓட்ட மூன்று இடங்கள்

"ஒரு வாரம்தான் லீவு. டஸ்கனியா, உம்ப்ரியாவா, இல்லை லிகூரியாவா?" இத்தாலியில் மவுண்டன் பைக் ஓட்ட ஆசைப்படுகிறவர்கள் கடைசியில் இந்தக் கேள்வியில் வந்துதான் மாட்டிக்கொள்கிறார்கள். கேட்கும்போதே கைப்பேசியில் மூன்று படங்களைக் காட்டுவார்கள். சைப்ரஸ் மரங்கள் வரிசை கட்டி நிற்கும் வெள்ளை மண்சாலை ஒன்று, கல் வளைவுப் பாலத்தின் மேல் தண்டவாளம் போன பழைய ரயில் பாதை ஒன்று, கீழே கடல் தெரியும் பாறைச் சரிவு ஒன்று. மூன்றும் அழகுதான். அதனாலேயே படத்தை வைத்து முடிவெடுக்க முடியாது.

அந்தப் பக்கத்துப் பழைய ஊர்கள் பெரும்பாலும் குன்றின் தலையில் உட்கார்ந்திருக்கின்றன. பகைவர் வருவது முன்கூட்டியே தெரிய வேண்டும், தாழ்நிலச் சதுப்பின் மலேரியாவும் அண்டக்கூடாது என்று மேலே கட்டினார்கள். அவர்களுடைய முன்யோசனைக்கு இன்று நம் தொடைகள் வட்டி கட்டுகின்றன. காப்பி குடிக்க ஏற வேண்டும், சாப்பிட ஏற வேண்டும், படுக்கவும் ஏற வேண்டும். எனவே நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: அந்த ஏற்றத்துக்கு யார் கூலி கொடுப்பதாக இருக்கிறீர்கள்? டஸ்கனியில் நீங்களே, நாள் முழுக்கச் சில்லறை சில்லறையாக. உம்ப்ரியாவில் நூறு ஆண்டுக்கு முன் ரயில் போட்ட பொறியாளர்கள் முக்கால்வாசியைக் கட்டிவிட்டுப் போயிருக்கிறார்கள். லிகூரியாவில் வேன்காரருக்கு, ரொக்கமாக.

## எதை வைத்துப் பார்ப்பது

ஏற்றம் முதல் அளவுகோல். அடுத்தது தரை: மண்சாலையா, பாறையா, மழை பெய்தால் என்ன ஆகும். மூன்றாவது, பழமை எவ்வளவு பக்கத்தில் வருகிறது என்பது. தூரத்தில் தெரியும் கோபுரம் வேறு, டயருக்கு அடியில் கிடக்கும் ரோமானியக் கல் வேறு. நான்காவது, கார் இல்லாமல் ரயிலிலேயே போய்வர முடியுமா. கடைசியாக, விளம்பரத்தில் சொல்லாத செலவுகள். சைவம் சாப்பிடுகிறவர்கள் ஆறாவதாகச் சாப்பாட்டையும் சேர்த்துக்கொள்ளலாம்.

| | டஸ்கனி (சியெனாவுக்குத் தெற்கே) | உம்ப்ரியா (ஸ்பொலேத்தோ–நோர்ச்சா) | லிகூரியா (ஃபினாலே) |
|---|---|---|---|
| ஏற்றம் | குட்டை குட்டையாக, ஓயாமல் | ரயில் சாய்வு, அதிகபட்சம் 4.5% | வேன் ஏற்றிவிடும்; இறக்கம்தான் வேலை |
| தரை | வெள்ளைச் சரளை, களிமண் | சரளை, குகைப் பாதை | பாறை, வேர், ஒற்றையடிப் பாதை |
| பொருத்தமான சைக்கிள் | முன் சஸ்பென்ஷன் (குலுக்கலைத் தாங்கும் அமைப்பு) மட்டும் உள்ளது, அல்லது மண்சாலைக்கான கிராவல் சைக்கிள் | முன் சஸ்பென்ஷன் மட்டும் உள்ளது | இரு பக்க (முன்னும் பின்னும்) சஸ்பென்ஷன் |
| நல்ல மாதங்கள் | மே, செப்டம்பர் கடைசி, அக்டோபர் தொடக்கம் | மே, ஜூன், செப்டம்பர் | அக்டோபர் முதல் மே வரை |
| ரயில் | பொறுமை வேண்டும் | ரோமிலிருந்து சுலபம் | வாசலிலேயே நிலையம் |
| சைவச் சாப்பாடு | தாராளம் | கேட்டுக் கேட்டுச் சாப்பிட வேண்டும் | மூன்றில் இதுதான் சிறந்தது |

## டஸ்கனி: சில்லறையாகக் கட்டும் ஏற்றம்

நான் சொல்வது வால் டோர்ச்சா பள்ளத்தாக்கையும் அதற்கு வடக்கே கிரேத்தே செனேசி எனப்படும் களிமண் குன்றுகளையும். வால் டோர்ச்சா 2004-இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. அதன் நடுவில் இருக்கும் பியென்சா அதற்கு முன்பே, 1996-இல் சேர்ந்துவிட்டது. போப் இரண்டாம் பயஸ் தான் பிறந்த கொர்சிஞ்ஞானோ கிராமத்தை 1459-இல் தொடங்கி, பெர்னார்தோ ரொசெல்லீனோ என்ற கட்டடக் கலைஞரைக் கொண்டு புது நகரமாகவே மாற்றி, தன் பெயரையும் வைத்துக்கொண்டார். பிறந்த ஊருக்கு நல்லது செய்கிறேன் என்று கிளம்பியவர்களில் இவ்வளவு தூரம் போனவர்கள் குறைவு.

சைக்கிள்காரர்களுக்கு இந்தப் பக்கத்தின் பெரிய சொத்து 'ஸ்த்ராதே பியாங்கே', அதாவது தார் போடாத வெள்ளை மண்சாலைகள். இவற்றுக்கெல்லாம் தார் பூசிவிடுவார்களே என்ற கவலையில்தான் 1997-இல் காயோலே இன் கியாந்தி என்ற ஊரில் 'எரோய்கா' என்ற பழைய சைக்கிள் ஓட்டம் தொடங்கியது. அதன் 209 கி.மீ. சுற்றுப்பாதைக்கு நிரந்தரமாகப் பலகை வைத்திருக்கிறார்கள். ஆண்டு முழுக்க யார் வேண்டுமானாலும் ஓட்டலாம். மொத்த ஏற்றம் 3,500 மீட்டருக்கு மேல் வரும் என்பதால் நான்கு நாளாகப் பிரித்துக்கொள்வது புத்திசாலித்தனம்.

நான் பரிந்துரைக்கும் தொடக்கம் புவோன்கொன்வேந்தோ. சியெனாவிலிருந்து தெற்கே போகும் ரயில் பாதையில் நிலையம் இருக்கிறது, ஊரும் அபூர்வமாகச் சமதரையில் இருக்கிறது. (பேரரசர் ஏழாம் ஹென்றி 1313-இல் இறந்தது இங்கேதான். மதில் வாசலில் காப்பி குடித்துக்கொண்டே துக்கம் விசாரித்துக்கொள்ளலாம்.) அங்கிருந்து மொந்தால்சீனோவுக்கு மண்சாலையில் ஏறினால் 400 மீட்டர் உயரம் கூடும். மறுபக்கம் சந்தாந்திமோ மடத்துக் கோயில், பிறகு ஓர்ச்சா ஆறு வரை இறக்கம், மறுபடி ஏறினால் பாஞ்ஞோ விஞ்ஞோனி. அந்த ஊரில் மைதானம் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு வெந்நீர்க் குளம் இருக்கிறது. குளத்தில் இறங்கக் கூடாது. ஊருக்கு வெளியே ஆலைகள் இருந்த சரிவில் அதே தண்ணீர் வாய்க்காலாக ஓடுகிறது, அதில் காலை நனைத்துக்கொள்ளலாம்.

இந்தப் பாதையின் பல துண்டுகள் பிரான்சிஜேனா யாத்திரை வழியோடு ஒன்றாகிவிடும். கேன்டர்பரி பேராயர் சிகெரிக் 990-இல் ரோமிலிருந்து திரும்பும்போது 79 தங்குமிடங்களைக் குறித்து வைத்தாரே, அந்த வழிதான். இன்றும் முதுகில் மூட்டையோடு நடப்பவர்கள் வருவார்கள். மணி அடித்து மிரட்டாமல் வேகத்தைக் குறைத்து ஒரு 'புவோன் ஜோர்னோ' சொன்னால் போதும்.

இப்போது களிமண். ஒரு ஏப்ரலில் இரவு முழுக்க மழை பெய்து, காலையில் வெயில் பளிச்சென்று அடித்தது. சாலை காய்ந்துவிட்டது என்று நினைத்து, பலகை இல்லாத ஒரு வயல் பாதையில் குறுக்கே இறங்கினேன். ஐம்பது மீட்டர் போவதற்குள் டயர் இரண்டு மடங்கு தடித்துவிட்டது. ஃபோர்க்குக்கும் டயருக்கும் நடுவே சாம்பல் நிறக் களி அடைத்துச் சக்கரம் சுற்றவே மறுத்தது. தள்ளினாலும் நகராது. குச்சியால் நோண்டினேன், நான்கு அடி போனதும் மறுபடி அதே கதை. கடைசியில் தோளில் தூக்கிக்கொண்டு நடந்தேன், களி ஒட்டிக் கனத்துப்போன ஷூக்களோடு. தங்கிய பண்ணை வீட்டு அம்மா ஒரு வார்த்தை பேசவில்லை. வாசலிலிருந்து தூரத்தில் இருந்த தண்ணீர்க் குழாயைக் கையால் காட்டினார், அவ்வளவுதான். மழைக்கு மறுநாள் சரளை போட்ட சாலையை விட்டு இறங்காதீர்கள்.

மறைவான செலவு இங்கே தங்குமிடத்தில் ஒளிந்திருக்கிறது. அக்ரிதுரிஸ்மோ என்ற பண்ணை விடுதிகள் ஊருக்கு வெளியே இருக்கும், சீசனில் பல இடங்களில் இரண்டு மூன்று இரவுக்குக் குறைந்து தர மாட்டார்கள். இராச்சாப்பாடு அங்கேயே உண்டா என்று பதிவு செய்யும்போதே கேளுங்கள். இல்லையென்றால், நாள் முழுக்க ஓட்டிக் களைத்த பிறகு, ஒரு தட்டு பீச்சிக்காக மறுபடி ஊர் உச்சிக்கு ஏறி, இருட்டில் இறங்க வேண்டியிருக்கும். பீச்சி என்பது கையால் உருட்டிய தடித்த நூடுல்ஸ். தக்காளியும் பெரிய பூண்டும் போட்ட 'அல்லாலியோனே' சாஸில் அது முழுச் சைவம்.

ஒரு விஷயத்தை மறைக்காமல் சொல்ல வேண்டும். இங்கே ஓட்டுவதில் பெரும்பகுதி மண்சாலைதான், மலைப்பாதை இல்லை. இரு பக்க சஸ்பென்ஷன் சைக்கிளை வாடகைக்கு எடுத்தால் பாதிப் பணம் வீண். சறுக்கி இறங்கும் சுகத்துக்காக வருகிறவர்கள் இரண்டாம் நாளே கொட்டாவி விடுவார்கள். பார்த்துக்கொண்டே ஓட்டவும், ஓடியதை மாலையில் நிதானமாகத் தின்று தீர்க்கவும் விரும்புகிறவர்களுக்கு இதுபோல இன்னொரு இடம் இல்லை.

## உம்ப்ரியா: ரயில் விட்டுப்போன பாதை

ஸ்பொலேத்தோவிலிருந்து மலைக்குள் இருக்கும் நோர்ச்சாவுக்கு 51 கி.மீ. நீளத்தில் ஒரு குறுகிய ரயில் பாதை 1926-இல் திறக்கப்பட்டது. எர்வின் தோமான் என்ற சுவிஸ் பொறியாளர் வடிவமைத்தது. 19 குகைகள், 24 பாலங்கள். மலையை நேரே ஏறாமல், பாதை தன்னைத்தானே சுற்றிக்கொண்டு சுருள் சுருளாக மேலே போகும். 1968-இல் ரயிலை நிறுத்திவிட்டார்கள். தண்டவாளத்தைப் பெயர்த்த இடத்தில் இப்போது நாம் ஓட்டுகிறோம்.

ரயிலுக்காகப் போட்ட சாய்வு 4.5 சதவீதத்தைத் தாண்டாது. சொன்னால் சின்ன எண்ணாகத் தெரியும், ஓட்டிப் பார்த்தால்தான் அருமை புரியும். டஸ்கனியில் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை கியரோடு மல்லுக்கட்டிய கால், இங்கே ஒரே கியரில் ஒரு மணி நேரம் ஏறிக்கொண்டே இருக்கும், மூச்சு வாங்காமல் பேசிக்கொண்டே வரலாம். ஒரு பாலத்தில் நின்று கீழே பார்த்தால் நீங்கள் சற்றுமுன் கடந்த பாலம் தெரியும். அதற்கும் கீழே மரங்களுக்கிடையில் இன்னொன்று.

உச்சியில் கப்ரரேச்சா குகை வருகிறது, நீளம் கிட்டத்தட்ட 2 கி.மீ. ஜூலை வெயிலில் ஏறி, சட்டை முதுகோடு ஒட்டிய நிலையில் உள்ளே நுழைந்தேன். குளிர்பதனக் கிடங்கின் கதவைத் திறந்த மாதிரி இருந்தது. கண்ணாடியில் உடனே ஆவி படிந்தது. கூரையிலிருந்து சொட்டிய தண்ணீர் ஹெல்மெட்டின் துளை வழியே நேராக உச்சந்தலையில் விழுந்தது. எதிரே ஒரு வெளிச்சப் புள்ளி. அது நெருங்குகிறதா, நிற்கிறதா என்றே தெரியவில்லை. வெகுநேரம் கழித்து அது இரண்டு வயதான பெண்களாக மாறி, "கோராஜ்ஜோ!" என்று தைரியம் சொல்லிவிட்டுக் கடந்துபோனது. கைப்பேசி வெளிச்சத்தை நம்பி உள்ளே போகாதீர்கள். ஹேண்டில்பாரில் மாட்டும் நல்ல விளக்கு ஒன்றும், வெயில் காலமானாலும் ஒரு காற்றுத்தடுப்பு மேலாடையும் பையில் இருக்கட்டும். பராமரிப்புக்காகவோ கல் சரிவாலோ குகையை மூடியிருக்க வாய்ப்புண்டு. கிளம்பும் முன் ஸ்பொலேத்தோவில் கேட்டுவிடுங்கள், மூடியிருந்தால் கணவாய்ச் சாலைதான் வழி.

மறுபக்கம் 'நேரா' என்ற ஆற்றின் பள்ளத்தாக்கு. சந்தனத்தோலியா தி நார்கோ என்ற ஊரில் ஹெம்ப் என்ற நார்ச்செடிக்கென்றே ஓர் அருங்காட்சியகம் இருக்கிறது. மேலே போனால் செர்ரேத்தோ. ஊர் ஊராகப் போய் மருந்து விற்ற செர்ரேத்தோக்காரர்களின் வாய்ச்சவடாலிலிருந்துதான் 'சியார்லத்தானோ' என்ற சொல் வந்தது என்பார்கள், போலி வைத்தியரைக் குறிக்கும் சொல். அப்புறம் நோர்ச்சா. புனித பெனடிக்ட் பிறந்த ஊர். பன்றி இறைச்சி பதப்படுத்துவதில் இந்த ஊர்க்காரர்கள் பேர் போனவர்கள், இத்தாலி முழுக்க அந்தக் கடைக்கே 'நோர்ச்சினேரியா' என்றுதான் பெயர்.

30 அக்டோபர் 2016 அன்று வந்த நிலநடுக்கத்தில் நோர்ச்சாவின் பெனடிக்ட் பேராலயம் முகப்புச் சுவர் மட்டும் நிற்க, மற்றதெல்லாம் விழுந்தது. அதன் வடுக்கள் இந்தப் பயணத்தின் கணக்கிலும் வரும். பழைய பாதையின் சில துண்டுகள் இல்லை, அங்கே தார்ச்சாலைக்கு இறங்க வேண்டியிருக்கும். தங்கும் அறைகள் டஸ்கனி அளவுக்குக் கிடையாது. நோர்ச்சாவிலிருந்து திரும்ப ரயிலும் இல்லை. ஓட்டித் திரும்ப வேண்டும், அல்லது சைக்கிள் ஏற்றும் வண்டியை முன்கூட்டியே பேசி வைக்க வேண்டும். அந்த வண்டிக் கூலியை யாரும் முதலில் கணக்கில் சேர்ப்பதில்லை.

நேரமிருந்தால் நோர்ச்சாவிலிருந்து கஸ்தெல்லூச்சோ. இதற்கு ரயில்காரர்கள் எதுவும் செய்து வைக்கவில்லை. 600 மீட்டரில் இருக்கும் நோர்ச்சாவிலிருந்து 1,500 மீட்டர் அளவில் ஒரு கணவாயைத் தாண்டி, பியானோ கிராந்தே என்ற பெரிய சமவெளிக்குள் இறங்க வேண்டும். ஜூன் கடைசி, ஜூலை தொடக்கத்தில் பருப்பு வயல்களுக்கிடையே கசகசாப் பூவும் நீலப் பூக்களும் பூத்துக் கிடக்கும். அந்த வார இறுதிகளில் கார்களும் பூத்துக் கிடக்கும், வார நாளில் போங்கள். மேய்ச்சல் நிலத்தில் வெள்ளை நிற மரெம்மா காவல் நாய்கள் ஆட்டு மந்தையோடு இருந்தால் சைக்கிளிலிருந்து இறங்கி, சைக்கிளை நடுவில் வைத்துக்கொண்டு, மந்தையைச் சுற்றி நடந்து போக வேண்டும். ஓட்டித் தப்பிக்கலாம் என்ற எண்ணமே வேண்டாம்.

சைவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. கஸ்தெல்லூச்சோ பருப்பு சூப்பில் பன்றித் துண்டும், நோர்ச்சா பாணிக் கரும் டிரஃபிள் காளான் சாஸில் நெத்திலியும் இருக்கலாம். கேட்டுவிட்டுச் சாப்பிடுங்கள்.

குழந்தைகளோ, ஏற்றம் பழகாத துணையோ கூட வந்தால் இன்னொரு வழி. ஸ்பொலேத்தோவிலிருந்து அசீசி வரை ஆறுகளையும் வாய்க்கால்களையும் ஒட்டிக் கிட்டத்தட்ட 50 கி.மீ. சமதளச் சைக்கிள் பாதை உண்டு. வழியில் கிளித்துன்னோ ஊற்றும், யுனெஸ்கோ பட்டியலில் இருக்கும் அதன் சிறு கோயிலும் வரும். மவுண்டன் பைக் ஆட்கள் இதைக் கேலி செய்வார்கள். நான் மாட்டேன்.

## லிகூரியா: ஃபினாலேயின் பாறை

இதைப் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும். இங்கே போக வேண்டியவர்களுக்கு அது ஏற்கெனவே தெரிந்திருக்கும்.

ஃபினாலே லிகூரே கடற்கரை ஊர். காலையில் வேன் சைக்கிளோடு உங்களையும் 1,000 மீட்டர் உயரத்தில் மெலோஞ்ஞோ கணவாய்ப் பக்கம், பழைய நேட்டோ தளத்துக்கு அருகே இறக்கிவிடும். அங்கிருந்து பீச் மரக் காடு, பிறகு பாறை, பிறகு கடல். மழை வந்தாலும் சுண்ணாம்புப் பாறை நிலம் சீக்கிரம் வடிந்துவிடும். டிசம்பரிலும் ஓட்டலாம். ஆகஸ்டில் போகாதீர்கள், வெயிலும் கூட்டமும் சேர்ந்து கொல்லும்.

பழமை இங்கே குறைவு என்று நினைத்தால் தவறு. கீழே ஃபினால்போர்கோ மதிலோடு இருக்கும் இடைக்கால ஊர். போன்ச்சி பள்ளத்தாக்கில் ஜூலியா அகஸ்தா ரோமானியச் சாலையின் பாலங்கள் நிற்கின்றன, கி.மு. 13-இல் அகஸ்டஸ் காலத்தில் போட்ட சாலை. அவற்றில் ஒன்றான 'தேவதைகள் பாலம்' ஏறக்குறைய முழுசாகவே இருக்கிறது. காட்டுப்பாதை அதன் மேல்தான் போகிறது. டஸ்கனியில் கண்ணாடிக்குப் பின்னால் பார்க்கும் பழமையை இங்கே டயரால் தொடுகிறீர்கள்.

செலவு கவனம். ஒவ்வொரு வேன் பயணத்துக்கும் தனிக் காசு. இரு பக்க சஸ்பென்ஷன் சைக்கிளுக்கு வாடகை கூடுதல், முட்டிக் கவசத்துக்குத் தனி வாடகை, டயர் கிழிந்தால் அதுவும் உங்கள் கணக்கு. வாடகைச் சீட்டில் சேதக் காப்பீடு எதை எல்லாம் சேர்க்கவில்லை என்ற பத்தியைக் கையெழுத்துப் போடும் முன் படியுங்கள். ஓரிடத்தில் அதைப் படிக்காமல், வளைந்த ஒரு டீரெய்லியர் ஹேங்கருக்கு (கியரைத் தாங்கும் அந்தச் சின்ன அலுமினியத் துண்டுதான்) நல்ல ஓட்டலில் ஓர் இரவு தங்கும் பணம் கட்டினேன்.

சாப்பாட்டில் லிகூரியா ஜெயிக்கிறது. ஃபரினாத்தா என்பது கடலைமாவு, தண்ணீர், ஆலிவ் எண்ணெய், உப்பு, வேறொன்றும் இல்லை. விறகு அடுப்பில் பெரிய செம்புத் தட்டில் வெந்து வரும். சூடாக வாங்கி, மிளகைத் தாராளமாகத் தூவிக்கொள்ளுங்கள்.

பாறையில் இறங்கிப் பழக்கம் இல்லாதவர்களுக்கு மட்டும் இது வேண்டவே வேண்டாம். ஒரு வாரத்தில் கற்றுக்கொள்ளலாம் என்று வந்து இரண்டாம் நாளே மணிக்கட்டில் மாவுக்கட்டோடு கடற்கரையில் உட்கார்ந்திருந்தவரைப் பார்த்திருக்கிறேன்.

## மின் சைக்கிள் எடுக்கலாமா

டஸ்கனிக்கு எடுக்கலாம், அதுவும் வேகம் வேறுபடும் ஜோடிகளுக்கு அது கல்யாணத்தையே காப்பாற்றும். உம்ப்ரியா ரயில் பாதைக்கு அவசியமில்லை, கஸ்தெல்லூச்சோவுக்கு ஏறுவதாக இருந்தால் மட்டும் எடுங்கள். ஐரோப்பிய விதிப்படி மணிக்கு 25 கி.மீ. வரைதான் மோட்டார் உதவும், 250 வாட் வரம்பு. ஊரிலிருந்து கொண்டுபோகும் யோசனை வேண்டாம்: 160 வாட்-மணிக்கு மேற்பட்ட லித்தியம் பேட்டரியைப் பயணி விமானத்தில் ஏற்ற மாட்டார்கள், மின் மவுண்டன் பைக் பேட்டரி அதைப்போல மூன்று மடங்காவது இருக்கும். அங்கேயே வாடகைதான்.

## மூன்றுக்கும் பொதுவான சில்லறை

ஷெங்கன் விசாக் கட்டணம் 90 யூரோ, அதோடு குறைந்தது 30,000 யூரோ மருத்துவக் காப்பீடு. அந்தக் காப்பீட்டில் மலைச் சைக்கிள் விபத்து சேருமா என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள், பல பாலிசிகளில் சாகச விளையாட்டு என்று கழித்துவிடுவார்கள். ஊர்களில் ஓர் ஆளுக்கு ஓர் இரவுக்கு இவ்வளவு என்று சுற்றுலா வரி தனியாக வரும். ஓட்டல் பில்லில் 'கொப்பெர்த்தோ' என்று இருந்தால் அது உட்கார்ந்ததற்கான காசு, தகராறு செய்ய வேண்டாம். மதியம் இரண்டரைக்கு மேல் கிராமத்தில் சமையலறை மூடிவிடும்.

செப்டம்பர் மூன்றாம் ஞாயிறு முதல் ஜனவரி கடைசி வரை வேட்டைக் காலம். செவ்வாயும் வெள்ளியும் சட்டப்படி வேட்டை கிடையாது, காட்டுப் பாதைகளை அந்த நாட்களுக்கு வைத்துக்கொள்ளுங்கள். மற்ற நாட்களில் பளிச்சென்ற ஆரஞ்சு நிறச் சட்டை.

## என் தீர்ப்பு

முதல் தடவையா? உம்ப்ரியா. தயக்கமே இல்லை. பாறையில் இறங்கத் தெரிந்த, குளிர்காலத்தில் மட்டும் லீவு கிடைக்கிறவர் ஃபினாலேக்குப் போகட்டும். சாப்பாடும் ஊரும் முக்கியம், சைக்கிள் அதற்கு ஒரு சாக்கு என்றால் டஸ்கனி.

ஏழு நாளை இரண்டாகப் பிரிக்க மனம் அடித்துக்கொண்டால் உம்ப்ரியாவையும் டஸ்கனியையும் சேர்க்கலாம். ஸ்பொலேத்தோவில் நான்கு நாள் முடித்து, ஃபொலிஞ்ஞோவில் மாறி, தெரோந்தோலா, கியூசி வழியாக அஷ்ஷானோ போய் இறங்குங்கள். எல்லாமே உள்ளூர் ரயில்கள், சைக்கிளை மடிக்காமல் அப்படியே ஏற்றலாம், நாள் முழுக்கச் செல்லும் சைக்கிள் சீட்டு 3.50 யூரோ. அஷ்ஷானோ நிலையத்தை விட்டு வெளியே வந்ததுமே களிமண் குன்றுகள் தொடங்கிவிடும். முந்தின இரவு மழை பெய்ததா என்று மட்டும் கேட்டுவிட்டுக் கிளம்புங்கள்.